துரை செத்த பிறகு பார்த்த உத்தியோகம்

விடிந்தும் விடியாததுமாக வரிசை விமான நிலைய வாசலைத் தாண்டி, வாடகைக் கார்கள் நிற்கிற இடம் வரை வந்துவிட்டது. வரிசையில் பாதிப் பேர் பயணிகள். மீதிப் பேர் எங்கும் போகவில்லை. துரையைப் பார்க்க வந்தவர்கள்.

துரை ஒரு நாய். சரியாகச் சொன்னால், ஒரு காலத்தில் நாய். செத்துப் பல மாதம் ஆகிறது.

இது தெரியாமல் யாரும் வரவில்லை. தெரிந்துதான் வந்தார்கள். உயிருள்ள நாய் எல்லாத் தெருவிலும் படுத்துக் கிடக்கிறது. அதைப் பார்க்க யாராவது வரிசையில் நிற்பார்களா?

சோதனைக் கூடத்தின் கண்ணாடிக் கதவு திறந்தது. நாய்க்காரர் வந்தார். கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத சீருடை, தோளில் ஒரு துணிப்பை. கையில் தோல்வார். வாரின் மறுமுனையில் கழுத்துப்பட்டை. கழுத்துப்பட்டைக்குள் காற்று. பட்டை முழங்கால் உயரத்தில் மிதந்தபடி முன்னே போனது. அவர் பின்னே போனார். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது.

பயணிகள் துரையின் வாலை மிதிக்காமல் நடக்க வேண்டும் என்று ஒலிபெருக்கி இனிமையாகக் கேட்டுக்கொண்டது. எல்லாரும் குனிந்து பார்த்து, இல்லாத வாலைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். கோட்டுப் போட்ட ஒரு கனவான் தாண்டும்போது தன் பெட்டியே தடுக்கி விழுந்தார். வாலை மிதித்திருப்பார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அவரும் எழுந்து, காற்றைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

இதையெல்லாம் எக்ஸ்ரேக்காரன் தன் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை. முன்னால் இருந்த திரை இருண்டு கிடந்தது. பெட்டிகள் ரப்பர் பட்டையில் ஏறி, இயந்திரத்தின் வயிற்றுக்குள் போய், மறுபக்கம் பத்திரமாக வெளியே வந்தன. உள்ளே என்ன இருந்தது என்று அவனுக்கும் தெரியாது, இயந்திரத்துக்கும் தெரியாது. பழுதாகிப் பல வாரம் ஆகிவிட்டது. பட்டை மட்டும் ஓடியது. பட்டை ஓடினால் போதும், பார்க்க நன்றாக இருக்கிறது என்று நிலைய மேலாளர் சொல்லிவிட்டார். பழுது பார்க்க ஆள் கேட்டபோதெல்லாம் அவருக்கு ஒரே பதில்தான்: துரை இருக்கும்போது மெஷினுக்கு என்ன அவசரம்?

துரை உயிரோடு இருந்த காலத்தில் இந்த மரியாதையெல்லாம் கிடையாது. நல்ல கறுப்பு நாய். நல்ல மூக்கு. வெடிமருந்தின் வாசனை மட்டும் ஏற்றிய பஞ்சை ஒரு சின்னத் தகர டப்பாவில் அடைத்து, அதை ஏதாவது ஒரு பெட்டிக்குள் ஒளித்துவைத்து, வாரம் தவறாமல் துரையைச் சோதிப்பார்கள். ஒளித்துவைப்பது எக்ஸ்ரேக்காரனின் வேலை. துரை கண்டுபிடித்துவிடும். ஒருமுறை மேலாளரின் கோட்டுப் பைக்குள் வைத்தான். துரை நேராகப் போய் மேலாளர் முன்னால் உட்கார்ந்துகொண்டது. மேலாளர் அதன் பிறகு ஒரு மாதம் துரையின் முகத்தில் விழிக்கவில்லை.

உயிரோடு இருந்தவரை அதை யாரும் அப்படியே நம்பவில்லை. சோதித்துக்கொண்டே இருந்தார்கள். செத்த பிறகுதான் முழுசாக நம்பினார்கள்.

வயசாகித்தான் செத்தது. மறுநாள் நாய்க்காரர் வெறும் வாரோடு வேலைக்கு வந்தார். நாய் இல்லாத நாய்க்காரரை வாகன நிறுத்தத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அந்த நேரம் பார்த்து ஒரு பயணி, நாய் எங்கே என்று கேட்டார். நாய்க்காரர் கொஞ்சம் யோசித்தார். "இங்கதான் இருக்கார்" என்றார்.

அவ்வளவுதான். கேட்டவர் குனிந்து தடவிக்கொடுத்தார். பின்னால் நின்றவரும் தடவினார். மூன்றாவது ஆள், உடம்பு சூடாக இருக்கிறதே என்றார்.

அன்றிலிருந்து துரைக்கு ஓய்வே இல்லை. வார் ஒரு பெட்டியைப் பார்த்து இழுக்கும். பெட்டியைத் திறப்பார்கள். கத்தரிக்கோல் இருக்கும், அல்லது சென்ட் பாட்டில், அல்லது யாரோ யாருக்கோ ரகசியமாக வாங்கிய வளையல். பார்த்தீர்களா, துரைக்குத் தெரிந்திருக்கிறது என்பார்கள். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஏதாவது இருக்கும். அதற்குத்தான் அதைப் பெட்டி என்கிறோம். ஒன்றுமே இல்லாத பெட்டியாக இருந்துவிட்டால், கெட்ட எண்ணம் இருந்தது, துரையைப் பார்த்ததும் ஓடிவிட்டது என்பார் நாய்க்காரர்.

மூலையில் துரைக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் கொஞ்சம் குறைந்தது. ஏசி ஓடுகிற கூடத்தில் எந்தத் தண்ணீரும் குறையும். ஆனால் ஏசிக்கு யார் பக்தர்கள்? ஒருநாள் நாய்க்காரர் யாரோ கழற்றிப் போட்ட இடது செருப்பில் தடுக்கிக் குப்புற விழப் பார்த்தார். துரைக்கு இடது செருப்பு ஆகாது என்று அன்றே அறிவித்தார். அதிலிருந்து பயணிகள் எல்லாரும் இடது செருப்பை மட்டும் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு நொண்டி நொண்டி நடந்தார்கள். வலது செருப்பில் எதை வைத்துக் கொண்டுபோனாலும் கேள்வி இல்லை.

துரையின் முடியை வேறு குட்டிக் குட்டிப் பைகளில் தைத்து விற்றார் நாய்க்காரர். சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் விமானம் குலுங்காதாம். விற்ற முடியைச் சேர்த்தால் ஒரு யானைக்குப் போர்த்தலாம். துரை கறுப்பு; பைக்குள் வெள்ளையும் பழுப்புமாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். மேலே போனதும் நரைக்கிறது என்றார் நாய்க்காரர்.

எக்ஸ்ரேக்காரனை ஒருநாள் அவர் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, துரைக்கு உன் மேல வருத்தம்."

"ஏன்ணே?"

"எல்லாரும் தடவிக் கொடுக்கிறாங்க. நீ மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறியாம்."

"எந்தப் பக்கம் தடவணும்ணே? தலை எது, வால் எதுன்னு தெரியல. தப்பான இடத்துல கை வெச்சுட்டா அவருக்குக் கோபம் வரும்ல?"

நாய்க்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி அவனைப் பார்த்தார். பிறகு ஏற்றிக்கொண்டார்.

இத்தனையும் எக்ஸ்ரேக்காரனுக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவன் மனைவி விமானப் பணிப்பெண். அவன் பார்க்காமல் அனுப்புகிற பெட்டிகள் எல்லாம் அவள் காலுக்குக் கீழே ஏறின. அவள் வீட்டுக்குத் திரும்பி வந்து சாவியை ஆணியில் மாட்டுகிற சத்தம் கேட்கும்வரை அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

ஒருநாள் அவளுடைய சீருடையை அவன் துவைக்கப் போடும்போது பைக்குள் குட்டியாக ஒன்று கையில் தட்டியது. பிரித்துப் பார்த்தான். பழுப்பு முடி.

"இது மாடிவீட்டுப் பூனையோடது மாதிரி இருக்கு" என்றான்.

அவள் கண்ணாடி முன்னால் நின்று கொண்டைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "எல்லாரும் வெச்சிருக்காங்க. பைலட்டு வெச்சிருக்கார். வெச்சா என்ன குறைஞ்சா போயிடும்?"

"குறைஞ்சு போச்சு. என் திரை இருண்டு போய்க் கிடக்கு. நீ போற விமானத்துல ஏத்துற பெட்டிய யாருமே பார்க்கல. துரை பார்த்துட்டார்னு விட்டுடறாங்க."

அவள் கடைசி ஊசியையும் குத்திவிட்டுத் திரும்பினாள். "எனக்கும் தெரியும்ங்க. விமானக் கதவை மூடுறப்போ எதையாவது தொட்டுக்கணும் போல இருக்கு. அங்க வந்து உங்க மெஷினையா தொட முடியும்?"

அவன் முடியைத் திரும்ப மடித்துப் பையிலேயே வைத்தான்.

மறுநாள் மேலாளரிடம் போனான். டப்பாச் சோதனையைப் பழையபடி நடத்த வேண்டும் என்றான். மேலாளர் அவனை உட்காரச்சொல்லி, மென்மையான குரலில் புத்தி சொன்னார். உயிரோடு இருந்தபோதே துரை ஒரு தடவைகூடத் தப்பு விட்டதில்லை. இப்போது உடம்பு என்கிற தொந்தரவும் இல்லை. தவிர, துரை வந்த பிறகு ஒரு விமானமாவது விழுந்ததா?

துரை பிறப்பதற்கு முன்பும் விழவில்லை என்றான் அவன். அப்போதும் துரை எங்கோ இருந்திருப்பார் என்றார் மேலாளர். அவனை வெளியே அனுப்பும்போது ஒரு செய்தியும் சொன்னார். வரும் வாரம் 'துரை வாசல்' திறக்கப் போகிறார்கள். துரை மோந்து பார்த்தவர்கள் வேறு எந்தச் சோதனையும் இல்லாமல் நேராக விமானம் ஏறலாம். அந்த வாசல் வழியாக முதலில் ஏறப்போவது நடுப்பகல் விமானத்தின் பயணிகள்.

நடுப்பகல் விமானத்தில் அன்று அவன் மனைவிக்கு வேலை.

திறப்பு விழா நாளன்று கூடமே கொள்ளவில்லை. வாசலுக்கு நாடா கட்டியிருந்தார்கள். ரத்தினக் கம்பளம், முழங்கால் உயரத்தில் ஒரு மாலை. விமான ஊழியர்கள் பெட்டிகளோடு ஓரமாக நின்றார்கள், அவளும் நின்றாள். மேலாளர் துரையின் தியாகம் பற்றிப் பேசினார். துரை என்ன தியாகம் செய்தது என்பது கடைசிவரை வரவில்லை. பேசி முடித்து மைக்கை வைத்தார். எக்ஸ்ரேக்காரன் அதை எடுத்தான். யாருடைய பெட்டி இது என்று கேட்பதற்கு அவன் வழக்கமாக எடுக்கிற மைக்தான், யாரும் தடுக்கவில்லை.

சாதாரணமாகத்தான் சொன்னான். பயிற்சி டப்பாவை இந்தக் கூடத்தில் வைத்திருக்கிறேன். வாசனைப் பஞ்சுதான், ஆபத்து ஒன்றுமில்லை. துரை கண்டுபிடித்ததும் நாடாவை வெட்டலாம்.

கூட்டம் கைதட்டியது. துரையின் திறமையை நேரிலேயே பார்க்கப் போகிறோம் என்று அதற்கு மகிழ்ச்சி. கைதட்டாதவர் ஒரே ஒருவர்.

வேறு வழியில்லை. நாய்க்காரர் வாரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். வார் ஒரு பல் மருத்துவரின் பெட்டியைப் பார்த்து இழுத்தது. திறந்தார்கள். பற்கள் சிரித்தன. அடுத்து ஒரு கிழவரின் பை. பூட்டுப் போட்ட டப்பா ஒன்று இருந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பிஸ்கட். வீட்டில் மருமகள் ஒளித்துவைக்கிறாள், அதனால் கையோடு கொண்டுபோகிறேன் என்று விளக்கம் சொன்னார் கிழவர். அடுத்து ஒரு தலைமுடி டோப்பா. அடுத்து வெறும் துண்டு. நாய்க்காரரின் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்துவிட்டது. கூடத்தை இரண்டு சுற்று வந்தார். தோளில் தொங்கிய துணிப்பையும் கூடவே இரண்டு சுற்று வந்தது.

கடைசியில் வார் நேராக எக்ஸ்ரேக்காரனைப் பார்த்து இழுத்தது.

"இவன்கிட்டதான் இருக்கு. துரைக்கு ஆரம்பத்துலேர்ந்தே இவன் மேல சந்தேகம்."

அவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். சட்டைப் பை, கால்சட்டைப் பை, காலுறை எல்லாம் தடவினார்கள். மேலாளரே குனிந்து இடது செருப்பையும் உதறிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"அண்ணே" என்றான் அவன். "உங்க பையைக் கொஞ்சம் திறங்க."

துணிப்பைக்குள் சாப்பாட்டு டப்பா. அதற்குக் கீழே ஒரு துண்டு. துண்டுக்குக் கீழே முடிப் பைகள், ஒரு குவியல். எல்லாவற்றுக்கும் அடியில் அந்தத் தகர டப்பா. காலையில் ஊழியர் அறையில் பை ஆணியில் தொங்கியபோது எக்ஸ்ரேக்காரன் போட்டது.

துரை காலையிலிருந்து அந்த டப்பாவுக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

இந்த இடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று எக்ஸ்ரேக்காரன் நினைத்தான். பட்டப்படிப்பு படித்தவன், ஆதாரத்தைக் காட்டினால் போதும் என்று எங்கோ படித்திருப்பான்.

நாய்க்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்தார். முழங்காலிட்டு, கழுத்துப்பட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களாய்யா இந்த ஜீவனை? என் பையில இருக்குன்னு அவருக்கு அப்பவே தெரியும். சோறு போட்டவனைக் காட்டிக் கொடுக்க மனசு வரல."

கூட்டம் உருகிவிட்டது. ஒரு பெண்மணி விசும்பினாள். பல் மருத்துவர் மூக்கை உறிஞ்சினார். மனுஷனுக்கு இல்லாத நன்றி என்று யாரோ சொன்னார்கள். மேலாளர் கைக்குட்டையை எடுத்தார். இன்னொரு கையில் நாடா வெட்டும் கத்தரிக்கோலையும் எடுத்தார். மாலை போடக் கூட்டம் முண்டியடித்தது. எக்ஸ்ரேக்காரன் மைக்கைப் பிடித்தபடி நின்றான். அவன் சொல்ல நினைத்த எதுவும் அந்தச் சத்தத்தில் எடுபடவில்லை.

அப்போது அவன் மனைவி நாடாவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"ஒரு நிமிஷம் சார். எனக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றாள் மேலாளரிடம். "வேண்டியவங்கன்னா துரை காட்டிக் கொடுக்க மாட்டாரா?"

"அவ்வளவு நல்ல மனசும்மா."

"அவரை இங்க வந்து எத்தனை பேர் தடவிக் கொடுத்திருக்காங்க?"

மேலாளர் யோசித்தார். "ஊரே தடவிக் கொடுத்திருக்கு."

"அப்ப ஊரே அவருக்கு வேண்டியவங்க. யார் பெட்டியில எது இருந்தாலும் பாசத்துல விட்டுடுவார். அந்தப் பெட்டி மேலதானே சார் நான் நின்னு எல்லாருக்கும் காபி ஊத்தறேன்."

மேலாளரின் கத்தரிக்கோல் திறந்தபடியே நின்றது.

அவள் சட்டைப் பைக்குள் கைவிட்டு அந்த முடிப் பையை எடுத்தாள். ரப்பர் பட்டை மேல் வைத்தாள். தன் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள். "பெட்டியை எல்லாம் ஒரு மனுஷன் கண்ணால பார்த்துட்டாருன்னு சொல்லுங்க. நான் ஏறறேன். நாய் பாசமா இருக்குன்னு சொன்னா நான் ஏற மாட்டேன்."

பக்கத்தில் நின்ற பணிப்பெண் தன் பையை எடுத்து வைத்தாள். பைலட்டு கூச்சத்தோடு தொப்பிக்குள்ளிருந்து ஒன்று, காலுறைக்குள்ளிருந்து ஒன்று, இரண்டை எடுத்து வைத்தார். பிறகு அவரும் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

ஓட்டுகிறவரே ஏறமாட்டேன் என்றால் பக்தர்களுக்கும் கொஞ்சம் யோசனை வரும். வந்தது. அதுவரை விசும்பிக்கொண்டிருந்த பெண்மணி, என் பெட்டியைப் பார்த்தீர்களா என்று கேட்க ஆரம்பித்தாள். பார்க்கவில்லை என்றதும் குரல் உயர்ந்தது. என் பெட்டி இருக்கட்டும், அவர் பெட்டியைப் பார்த்தீர்களா என்று பல் மருத்துவரைக் காட்டினாள்.

பல வாரமாக வராத பழுது பார்க்கும் ஆள் அரை மணியில் வந்தார். இயந்திரத்தின் பின்பலகையைக் கழற்றி உள்ளே தலையை விட்டார். ஒரு கேபிளை எலி கடித்திருந்தது. துரை இரவும் பகலும் காவல் காத்த கூடம். கிண்ணத்துத் தண்ணீர் எப்படிக் குறைந்தது என்பதும் அப்போது சிலருக்குப் புரிந்தது.

கேபிளை மாற்றினார். திரை வெளிச்சமாயிற்று.

"முதல்ல எதை அனுப்பறது?" என்று பழுதுபார்ப்பவர் கேட்டார்.

எக்ஸ்ரேக்காரன் நாய்க்காரரிடம் கையை நீட்டினான். "வாரைக் குடுங்கண்ணே."

"துரை என்ன லக்கேஜா?"

"துரையை நீங்க பிடிச்சுக்குங்க. வார் மட்டும் போதும்."

அவர் கொடுக்கவில்லை. பைலட்டு வந்து வாங்கிக் கொடுத்தார். வார் தட்டில் ஏறி, இயந்திரத்துக்குள் போயிற்று. கூட்டம் எக்ஸ்ரேக்காரனின் தோளுக்கு மேல் தோளாகச் சாய்ந்து திரையைப் பார்த்தது. தோல் மங்கலாகத் தெரிந்தது. தோலுக்கு நடுவே, கைப்பிடி முதல் கழுத்துப்பட்டை வரை, வளையாத கம்பி ஒன்று கன்னங்கரேலென்று ஓடியது. கைப்பிடியில், கட்டைவிரல் படும் இடத்தில், ஒரு சின்ன விசை. அதை அமுக்கினால் பட்டை முன்னால் துள்ளும்.

பிறகு பிஸ்கட் கிழவர் நாய்க்காரரிடம் போனார். அடிக்கப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"அப்ப நான் தடவினது?" என்று கேட்டார்.

நாய்க்காரர் தரையைப் பார்த்தார். அவரைச் சுற்றி ஒரு வட்டம் கூடியது. அந்த நிலையிலும் யாரும் வாலிருந்த இடத்தை மிதிக்கவில்லை.

நடுப்பகல் விமானம் சாயங்காலம் கிளம்பியது. எல்லாப் பெட்டிகளையும் எக்ஸ்ரேக்காரன் பார்த்து அனுப்பினான். கண் எரிந்தது. ராத்திரி ஆணியில் சாவி மாட்டுகிற சத்தம் கேட்டதும் சாப்பிட உட்கார்ந்தான்.

நாய்க்காரரை வாகன நிறுத்தத்துக்கு மாற்றினார்கள். கையில் இப்போது வார் இல்லை. ஆனாலும் அவர் நிழல் விழுகிற இடமாகப் பார்த்துச் சிலர் காரை நிறுத்துகிறார்களாம்.

டப்பாச் சோதனை திரும்ப வந்தது. இந்தமுறை சோதனை எக்ஸ்ரேக்காரனுக்கு; அவனே கேட்டு வாங்கிக்கொண்டது. ஒளித்துவைப்பது அவன் மனைவி. பவுடர் டப்பாவுக்குள் வைத்தாள், பிடித்தான். புத்தகத்தைக் குடைந்து வைத்தாள், பிடித்தான். முடி உலர்த்தும் கருவிக்குள் வைத்தாள், விட்டுவிட்டான். மேலாளருக்கு முகம் மலர்ந்தது. பார்த்தீர்களா, உங்கள் மெஷினும்தான் தப்பு விடுகிறது என்றார்.

"விடுது சார். எங்க விடுதுன்னு இன்னிக்குத் தெரிஞ்சுது. நாளைக்கு அந்த இடத்தை ரெண்டு தடவை பார்ப்பேன். துரை எதையெல்லாம் விட்டார்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் அதோடு நிறுத்தவில்லை. நகவெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறோமே, உள்ளே போனதும் முதல் கடையில் உடைத்தால் கத்தியாகிற கண்ணாடிப் பாட்டில் விற்கிறார்களே, அந்த விதியை எப்போது சோதிக்கலாம் என்று கேட்டான். மேலாளர் அவசரமாக ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். இன்னும் திரும்பவில்லை.

ஒருநாள் காலையில் அவன் திரையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். கம்பளம் இல்லை, கிண்ணம் இல்லை, மாலை இல்லை. ஒலிபெருக்கியும் வாலைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் இடது செருப்பைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தார்கள். யாரும் சொல்லவில்லை.

"எதுக்குக் கழட்டுறீங்க?" என்று முன்னால் நின்றவரைக் கேட்டான்.

"எல்லாரும் கழட்டுறாங்களே" என்றார் அவர். பின்னால் திரும்பி, எல்லாரும் கழற்றுகிறார்களா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

கழற்றுங்கள், செருப்புதானே. ஆனால் அதே தட்டில் மூளையையும் சேர்த்து வைக்கிறவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதை. பட்டையின் மறுமுனையில் வார் பிடித்தபடி வேறொருவர் நின்றுகொண்டிருப்பார்.